காலரைப் பிடிக்க வருகிறவர்களுக்கு

ஏற்காட்டில் ஜியு-ஜிட்சுவா என்று கேட்டுச் சிரிப்பவர்கள் சேலத்தில் இன்னும் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். ஜப்பானிலிருந்து பிரேசிலுக்கும், பிரேசிலிலிருந்து அபுதாபிக்கும் போன கலை, அங்கே பிழைக்கப் போன நம்மவர் சிலரோடு சேர்வராயன் மலைக்கும் ஏறி வந்துவிட்டது. நானும் அப்படிக் கொண்டுவந்தவன்தான். இப்போது காப்பிக் கொட்டகையில் மேட் விரித்திருக்கிறோம். எஸ்டேட் பிள்ளைகள் வருகிறீர்கள், விடுமுறையில் விடுதிப் பிள்ளைகள் வருகிறீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காலர்-ஸ்லீவ் கார்ட் ஒன்றைத்தான் முதலில் சொல்லித்தரப் போகிறேன். ஒரு கையில் எதிராளியின் காலர், மறு கையில் அவன் சட்டைக்கை, இரண்டு பாதமும் அவன் உடம்பில், இதுதான் அது. மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டால் பாதிதான் காதில் ஏறும் என்பதால் எழுதித் தருகிறேன். பொதுவில் எழுதினாலும் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைத்து ‘நீ’ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1. மல்லாந்து படுக்க வெட்கப்படாதே.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் தடை இதுதான். குஸ்தியில் இரண்டு தோளும் மண்ணில் பட்டால் கதை முடிந்தது. ஜூடோவில் 20 வினாடி முதுகோடு அமுக்கி வைத்துவிட்டால் முழுப் புள்ளி போய்விடும். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லித் திரிகிறவர்கள் நாம். முதுகு முழுக்க மேட்டில் தேய்ந்துகொண்டிருக்கும்போது ‘ஆட்டம் என் கையில்தான்’ என்று எப்படிச் சொல்வது?

சொல்லலாம். உனக்கும் எதிராளிக்கும் நடுவே உன் கால்கள் இருக்கும்வரை நீ தோற்கவில்லை. அந்த நிலைக்குத்தான் கார்ட் என்று பெயர். அவன் உன் கால்களைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்து அமர்ந்தால் அவனுக்கு 3 புள்ளி. நீ கீழிருந்தபடியே அவனைப் புரட்டி மேலே வந்தால் உனக்கு 2. ஆக, கீழே இருப்பவனுக்கும் ஆட்டத்தில் பங்கு உண்டு என்று விதியே ஒத்துக்கொள்கிறது. 1994 டிசம்பரில் அமெரிக்காவின் டல்சா நகரில் யுஎஃப்சி என்கிற கலப்புச் சண்டைத் தொடரின் நான்காம் போட்டி, இறுதி ஆட்டம். ஜியு-ஜிட்சுக்காரர் ராய்ஸ் கிரேஸி 80 கிலோ சொச்சம். எதிரே நின்ற மல்யுத்த வீரர் டான் செவர்ன் நூறு கிலோவுக்கு வெகு மேலே. கால் மணி நேரம் ராய்ஸ் அடியில் கிடந்தார். பார்த்தவர்கள் எல்லாம் அவர் கதை முடிந்தது என்றே நினைத்திருப்பார்கள். கடைசியில் கீழே கிடந்தபடியே கால்களால் கழுத்தைப் பூட்டி ஜெயித்தார்.

அதற்காகச் சும்மா படுத்துக்கிடப்பதைக் கார்ட் என்று நினைத்துவிடாதே. கால் வேலை செய்யாவிட்டால் அது வெறும் படுக்கைதான்.

2. கி வாங்கும்போது காலரைத் தடவிப் பார்.

கி என்பது அந்தத் தடித்த பருத்திச் சட்டையும் கால்சட்டையும். இந்தக் கலைக்கு அது சீருடை மட்டுமல்ல, கருவியும்கூட. காலர் 5 சென்டிமீட்டர் அகலம், 1.3 சென்டிமீட்டர் தடிமன் என்று சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.பி.ஜே.ஜே.எஃப். விதியில் அளவே இருக்கிறது. கையை முன்னே நீட்டினால் சட்டைக்கை மணிக்கட்டிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் ஏறி நிற்கக் கூடாது. வெள்ளை, நீலம், கறுப்பு தவிர வேறு நிறமும் ஆகாது. ஏன் இவ்வளவு கறார்? பிடிக்கத் துணி இல்லாமல் சட்டையை இறுக்கித் தைத்துக்கொண்டு வருகிற புத்திசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு.

நம் குஸ்தியில் லங்கோடு மட்டும்தான், உடம்பைத்தான் பிடிக்க வேண்டும். கபடியிலோ துணியைப் பிடித்து இழுத்தாலே தவறு. துணியைப் பிடித்துப் பழகும் வழக்கம் இந்தக் கலைக்கு ஜப்பானின் ஜூடோவிலிருந்து வந்தது. மிட்சுயோ மயேதா என்கிற ஜூடோ வீரர் ஊர் ஊராகப் பந்தயச் சண்டை போட்டுக்கொண்டே 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். பெலேம் நகரத்தில் அவரிடம் படித்த பிள்ளைகளில் ஒருவர் கார்லோஸ் கிரேஸி. அவரும் தம்பிமாரும் 1925 வாக்கில் ரியோ டி ஜெனீரோவில் பள்ளி தொடங்கினார்கள். கடைக்குட்டி எலியோ ஒல்லியான உடம்புக்காரர். தரையில் கிடந்து போராடும் பாதியை அந்தக் குடும்பம் ஊதிப் பெருக்கியது. ஜூடோ நின்றபடி எறிவதை வளர்த்தது, இவர்கள் விழுந்த பிறகு என்ன என்பதை வளர்த்தார்கள். சட்டை மட்டும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

உலகத்துக் கி-களில் பெரும்பங்கு பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைக்கிறார்கள். ஈரோட்டையும் சென்னிமலையையும் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு நாம் கி-க்கு இணையத்தில் காத்திருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பாகவும் வரும், எரிச்சலாகவும் வரும். தறி போட்டிருக்கிற யாராவது இதைப் படித்தால் யோசிக்கட்டும்.

3. எந்தக் கை எதை என்று முதலில் மனப்பாடம் செய்.

உன் வலது கை குறுக்கே போய் அவனுடைய வலது காலரைப் பிடிக்கும். நாலு விரல் உள்ளே, கட்டைவிரல் வெளியே. உன் இடது கை, எதிரே இருக்கும் அவன் வலது சட்டைக்கையின் ஓரத்தைப் பிடிக்கும். உன் இடது பாதம் அவன் வலது புஜத்தின் உட்பக்கம், முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே. உன் வலது பாதம் அவன் இடது இடுப்பெலும்பில். இரண்டு கையும் அவனுடைய ஒரே பாதியில் வேலை செய்வதைக் கவனி. அவனுடைய வலப்பக்கம் உன்னிடம் அடகில் இருக்கிறது. இடது கைதான் அவனுக்கு மிச்சம். அந்தக் கை எங்கே போகிறது என்பதிலிருந்து கண்ணை எடுக்காதே.

இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

4. விரலை மடக்கு, முஷ்டியை இறுக்காதே.

கபடி ஆடிய கை காலரைப் பிடித்தால் உயிரே போனாலும் விடாது. ரைடு 30 வினாடி, அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று பழகிய கை அது. வெள்ளை பெல்ட் ஆட்டம் 5 நிமிடம். முதல் நிமிடத்திலேயே முன்னங்கை கல்லாகிவிட்டால் மிச்சம் நாலு நிமிடம் விரல் மடங்காது. பால் கேனைத் தூக்கிக்கொண்டு நாகலூர் ஏற்றத்தில் நடப்பவர் கைப்பிடியை நசுக்குவதில்லை. விரல்களைக் கொக்கியாக வளைத்துத் தோளிலிருந்து தொங்கவிட்டுக்கொள்கிறார். காலரையும் அப்படிப் பிடி. இழுக்க வேண்டிய அந்தக் கணத்தில் மட்டும் இறுக்கு.

சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: கைப்பிடி வலுவுக்கென்று கடையில் விற்கும் ஸ்பிரிங் சாமான் எதையும் வாங்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருப்பது தேவைக்கு அதிகம்.

5. பிடிப்பது காலரை, அடக்குவது தலையை.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வித்தை கைக்கு வந்துவிட்டது. காலர் பின்கழுத்தைச் சுற்றி வரும் துணி. நீ மார்புப் பக்கம் பிடித்து இழுத்தாலும் அந்த இழுப்பு போய் விழுவது பின்கழுத்தில். தலை தாழ்ந்தால் முதுகு வளையும். முதுகு வளைந்தவன் இடுப்பை முன்னே தள்ளி நிமிர்ந்து நிற்க முடியாது; நிமிர்ந்து நிற்க முடியாதவனுக்கு உன் காலை விலக்கும் வலு கையில் இருக்காது. எழுபது கிலோ ஆளை நாற்பத்தைந்து கிலோப் பிள்ளை தடுத்து வைப்பது இந்தக் கணக்கில்தான். கை வலு பெரிதா என்று பார்க்க நீ வரவில்லை. அவனுடைய முதுகெலும்பு நேராக இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் பார்.

எவ்வளவு ஆழமாகப் பிடிப்பது என்று கேட்பாய். காதுக்குப் பின்னால்வரை போனால் கழுத்தை நெரிக்கும் மிரட்டல் இருக்கும். ஆனால் உன் கை மடங்கி, அவன் உன்மேல் நெருங்கி வந்துவிடுவான். புதியவனுக்கு அந்த நெருக்கத்தில் வேலை தெரியாது. காறை எலும்பு உயரத்தில் பிடி. கை ஓரளவு நீண்டிருக்கும், பாதத்துக்கு இடம் கிடைக்கும். முழங்கையை விலாவுக்குப் பக்கத்திலேயே வை. அது விரிந்த உடனே அவன் உன் கையை மேட்டில் அழுத்திவிட்டுத் தாண்டிப் போவான்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஜோடியிடம், ‘கூரையைப் பாருங்க’ என்று சொல். அவர் சிரமமில்லாமல் பார்த்துவிட்டால் நீ பிடித்திருப்பது வெறும் துணி.

6. கை இழுக்கும்போது கால் தள்ள வேண்டும்.

கை மட்டும் இழுத்தால் அவன் உன்மேல் விழுந்து அமுக்குவான். கால் மட்டும் தள்ளினால் பிடியை உருவிக்கொண்டு போய்விடுவான். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் கிட்டேயும் வர முடியாமல் விலகவும் முடியாமல் நடுவில் மாட்டிக்கொள்வான். காலர்-ஸ்லீவ் கார்டில் இதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வருடக்கணக்கில் கற்றுக்கொள்வதெல்லாம் இந்த இழுப்பையும் தள்ளலையும் கூட்டிக் குறைப்பதைத்தான்.

முழங்காலை முற்றிலும் நீட்டிப் பூட்டாதே, பூட்டிய காலைப் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் போய்விடும். சற்றே மடங்கி, மேலும் தள்ள இடம் இருக்கட்டும். புஜத்திலிருந்து பாதம் வழுக்கினால் தோளில் வை. அங்கும் இடமில்லையா, இடுப்பில் வை. எங்கேயாவது வை. காற்றில் தொங்கும் காலை அவன் பிடித்துக்கொள்வான். மேட்டில் முதுகைப் பரப்பிப் படுக்காதே. ஒரு பக்க இடுப்பில் சாய்ந்து, தலையைத் தூக்கி, எந்த நேரமும் நகரத் தயாராக இரு. தட்டையாகப் படுத்தவனுக்கு இடுப்பு நகராது, இடுப்பு நகராவிட்டால் கால் திரும்பாது.

காலால் மல்லாடுவது நமக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சாத்தந்தையார், போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மோதியதைப் பாடுகிறார். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது, இன்னொரு கால் அவன் செய்யும் தந்திரத்தைத் தடுத்து முதுகில் வளைகிறது. கைகளைப் பற்றிப் புலவர் பேசவே இல்லை. மல் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதிய பாட்டு அது என்பது என் எண்ணம். தமிழாசிரியர்கள் இதைப் பரீட்சைக்கு நடத்துவதற்கு முன்னால் ஒரு நாள் மேட்டுக்கு வந்து போகலாம்.

7. விடத் தெரிந்துகொள்.

இதை எத்தனை தடவை சொன்னாலும் புதியவர்கள் கேட்பதில்லை. அவன் இரண்டு கையாலும் உன் மணிக்கட்டைப் பிடித்து, இடுப்பைப் பின்னால் எறிந்து, காலரை உருவப் பார்க்கிறான். நீ பல்லைக் கடித்துக்கொண்டு தொங்குகிறாய். துணி விரல் கணுக்களை முறுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. அன்றைக்குத் தெரியாது. நெடுங்காலம் ஜூடோ ஆடியவர்களின் விரல்களைப் பார், கணுவெல்லாம் பருத்து வளைந்திருக்கும். தேநீர் டம்ளரைப் பிடிக்கிற விதத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆட வேண்டிய விரலை ஒரு பயிற்சி ஆட்டத்துக்காகக் கொடுக்காதே.

அவன் உருவுவதற்கு அரைக் கணம் முன்னால் நீயே விடு. அவன் இரண்டு கையும் உன் ஒரு கையில் இருக்கிறது என்றால் உன் மற்றக் கையும் இரண்டு காலும் சும்மா இருக்கின்றன என்று அர்த்தம். விட்ட கையால் வேறொன்றைப் பிடி: மறுபக்கச் சட்டைக்கை, முழங்கால் துணி, கணுக்கால். பிடியை உடைத்த நொடியில் அவன் மனம் தளர்ந்திருக்கும், அப்போது பிடிப்பது எளிது. அவன் உடைக்க உடைக்க நீ பிடித்துக்கொண்டே இரு. களைப்பது அவனாகத்தான் இருக்கும்.

8. சட்டைக்கையின் வாய்க்குள் விரலை விடாதே. போட்டியில் தண்டனை உண்டு. பயிற்சியில் விரல் உள்ளே சுருண்டு மாட்டினால் தண்டனையைக் காட்டிலும் மோசமானது உண்டு. ஓரத்துத் துணியை வெளியிலிருந்து கொத்தாகச் சுருட்டிப் பிடி. கால்சட்டை விளிம்புக்கும் இதே விதி.

9. நகம் வெட்டு. கால் நகமும்தான்.

10. அவன் சாயும் பக்கம் பார்த்துப் போ.

கார்டில் நிலையாக இருக்கக் கற்ற பிறகுதான் இது, அதற்கு முன் படித்தாலும் பயனில்லை. அவன் பின்னால் சாய்ந்து விலகப் பார்த்தால் காலரைப் பிடித்தபடியே அவனோடு எழுந்து வா. அவன் இழுக்கும் வலுவே உன்னைத் தூக்கிவிடும். ஒரு பாதம் அவன் கணுக்காலுக்குப் பின்னால் கொக்கி போட்டிருந்தால் அவன் உட்கார்ந்தே ஆக வேண்டும். முன்னால் சாய்ந்து அமுக்க வந்தால் எதிர்த்து நிற்காதே. இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி, காலரை உன் வலப்பக்கத்துத் தரையை நோக்கி இழு. அவன் வலது தோள் உன்னைத் தாண்டிப் போகும், முதுகு உனக்குத் திறக்கும். அசையாமல் குந்தி உட்கார்ந்துவிட்டால் புஜத்தில் வைத்த காலால் கையை உதைத்து விலக்கி, அந்தக் காலைத் தோளுக்கு மேல் ஏற்று. கால்களால் கழுத்தைப் பூட்டும் ட்ரையாங்கிள் அங்கிருந்து தொடங்குகிறது.

மூன்று கதவு. புதியவனுக்கு மூன்று போதும்.

11. வேறு கார்டு தேடி ஓடாதே.

கைப்பேசியைத் திறந்தால் காலரின் நுனியைப் பிரித்து எதிராளியின் கால் வழியே சுற்றிக் கட்டுகிற வித்தைகள் கொட்டிக்கிடக்கும். கீனன் கார்னீலியஸ் என்கிற அமெரிக்கர் 2014 வாக்கில் வார்ம் கார்ட் என்று ஒன்றைப் பிரபலமாக்கியதிலிருந்து இந்தக் கட்டு வித்தைக்கு முடிவே இல்லை. பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அது நெசவு தெரிந்தவன் போடும் பூவேலை. உனக்கு இன்னும் பாவே ஓடவில்லை.

ரோஜர் கிரேஸியைப் பார். முதல் மாதத்தில் எல்லோருக்கும் சொல்லித்தருகிற குறுக்குக் காலர் நெரிப்பை, மார்பின் மேல் அமர்ந்து, உலகச் சாம்பியன்களின் கழுத்தில் போட்டவர். என்ன வரப்போகிறது என்று எதிராளிக்குத் தெரியும். பார்வையாளருக்கும் தெரியும். ஆனாலும் தடுக்க முடிந்ததில்லை. பத்து முறை உலகப் பட்டம். ஒரே காலர்ப் பிடியை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டாம்.

12. ஆள் கிடைக்காத நாளில் மரம் இருக்கிறது.

பழைய கி ஒன்றை சில்வர் ஓக் மரத்தில் இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே சட்டை போட்டாற்போல இறுக்கிக் கட்டு. அடியில் சாக்கு விரித்துப் படுத்து, காலரையும் சட்டைக்கையையும் பிடித்து, பாதங்களை அடிமரத்தில் வை. இழு, தள்ளு, இடுப்பைத் தூக்கிப் பக்கம் மாறு, பாதத்தை இடம் மாற்று. மரம் விழாது, சலித்துக்கொள்ளாது. மிளகுக் கொடி படர்ந்த மரமாக இருந்தால் மேஸ்திரி உன்னைச் சும்மா விடமாட்டார், வெற்று மரமாகப் பார்த்துக்கொள். அறுவடை மாதங்களில், நவம்பர் தொடங்கி பிப்ரவரிவரை, பாதிப் பேர் காப்பி பறிக்கப் போய்விடும்போது இந்த மரந்தான் உன் ஜோடி.

13. டேப் செய், அதாவது தட்டித் தோல்வியை ஒத்துக்கொள். உடனே செய்.

காலர் நெரிப்பு மூச்சுக்குழலை அடைப்பதல்ல. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை அழுத்துவது. சரியாக விழுந்தால் பத்து வினாடிக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். வலி பெரிதாக இருக்காது, அதுதான் ஆபத்து. வலிக்கட்டும், அப்புறம் தட்டலாம் என்று காத்திருக்கிறவன் அப்படியே தூங்கிவிடுவான். இருட்டிக்கொண்டு வருகிறது, காது அடைக்கிறது என்று தோன்றும் முன்பே அவன் உடம்பிலோ மேட்டிலோ இரண்டு மூன்று தட்டுத் தட்டு. கை மாட்டியிருந்தால் காலால் தட்டு. அதுவும் முடியாவிட்டால் வாயால் ‘டேப்’ என்று கத்து. தட்டக் கேட்டவன் அந்தக் கணமே விட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்று பிடித்திருப்பவனுக்கு நம் கொட்டகையில் இடமில்லை. அவன் அப்பா எஸ்டேட் முதலாளியாகவே இருந்தாலும் சரி.

எலியோ கிரேஸி டேப் செய்யாமல் இருந்தாரே என்று யாராவது கதை சொல்வார்கள். உண்மைதான். 1951 அக்டோபரில் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா அவர் கையை முறுக்கியபோது அவர் தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் ஆட்டத்தை நிறுத்தினார். அந்தப் பூட்டுக்கே இன்று கிமுரா என்று பெயர். அது ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஊர் மானத்துக்காக நடந்த பந்தயம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொட்டகையில் உன் மானத்துக்கு எந்தக் குறையும் வராது, தட்டு.

பன்னிரண்டு வயது வரைக்குமான பிள்ளைகளுக்குக் கழுத்து நெரிப்பே நம்மிடம் கிடையாது. காலர்ப் பிடி, இடுப்பு நகர்த்தல், புரட்டுதல், அவ்வளவே. கெஞ்சினாலும் கிடையாது. இன்னொன்றும்: நின்றபடி எதிராளியின் இடுப்பில் தாவி ஏறிக் கார்ட் போடுவதை வெள்ளை பெல்ட்காரர்களுக்குப் போட்டி விதியே தடை செய்திருக்கிறது. உன் எடை முழுக்க அவன் முழங்காலில் விழுந்தால் அவன் நடை போய்விடும். கார்டுக்குப் போக வேண்டுமானால் பிடியைப் போட்டுக்கொண்டு கௌரவமாக உட்கார்.

14. ஜோடியைக் காப்பாற்று.

அபுதாபியில் 2008இல் இருந்து பள்ளிக்கூடத்திலேயே ஜியு-ஜிட்சு பாடம். ஒருவனுக்கு முட்டி போனால் அந்த இடத்துக்கு வர நூறு பேர் இருப்பார்கள். நம் மலையில் உன் எடைக்கு, உன் வயதுக்கு, உன் நேரத்துக்கு ஒத்துவருகிற ஆள் இரண்டோ மூன்றோதான். அவர்களில் ஒருவரின் தோளை நீ கழற்றிவிட்டால் உன் படிப்பும் அன்றோடு நின்றுவிடும். ஆகவே உன்னைவிட இலேசானவரோடு ஆடும்போது பாதி வலுவில் ஆடு. புதியவர் கார்டில் இருந்தால் அவர் பிடியை உடைக்க அவசரப்படாதே; பிடித்துப் பார்க்கட்டும்.

அம்மணிகளுக்கு: யாரோடு ஆடுவது என்பது உங்கள் முடிவு. காரணம் சொல்லத் தேவையில்லை. தம்பிகளுக்கு: ‘வேண்டாம்’ என்றால் சரி என்று சொல்லிவிட்டு வேறு ஜோடி பார்க்க வேண்டும், முகத்தைத் தூக்கிக்கொள்ளக் கூடாது.

இதே ஆட்களோடு வருடம் முழுக்க ஆடினால் எல்லார் தந்திரமும் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். பிறகு நீ நன்றாக ஆடுகிறாயா, அவன் பழக்கம் உனக்குத் தெரிந்துவிட்டதா என்று சொல்ல முடியாது. மாதத்துக்கு ஒரு தடவையாவது 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குப் போ. ஜூடோ பழகுகிறவர்களோ குஸ்தி பழகுகிறவர்களோ யார் கிடைத்தாலும் அவர்களோடு ஆடு. ஜூடோக்காரர் உன் காலர்ப் பிடியை எவ்வளவு சுலபமாக உருவுகிறார் என்று பார்த்தால் உனக்குத் தூக்கம் வராது, அது நல்லது. மே மாதம் மட்டும் வேண்டாம்: கோடை விழாக் கூட்டத்தில் திரும்பி வரும் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது.

15. ஈரக் கி-யோடு மேட்டுக்கு வராதே.

1,500 மீட்டர் உயரம், பனிமூட்டம், மழை. சமவெளியில் அரை நாளில் காயும் கி இங்கே இரண்டு நாளானாலும் காலர் மட்டும் ஈரமாகவே இருக்கும். காலர்தான் எல்லாவற்றிலும் தடிப்பு. நாம் முகத்தைத் தேய்ப்பதும் அதில்தான். படர்தாமரை ஒருவனுக்கு வந்தால் ஒரே வாரத்தில் கொட்டகை முழுக்க வரும். பயிற்சி முடிந்த அன்றே பச்சைத் தண்ணீரில் துவை. வெந்நீர் பட்டால் பருத்தி சுருங்கிச் சட்டைக்கை ஏறிவிடும், பிளீச் போட்டால் நூல் அரித்துப்போகும். பிழிந்து, கூரைக்கு அடியில், காற்றோட்டத்தில், காலரை விரித்துத் தொங்கவிடு. முடிந்தால் இரண்டு கி வைத்துக்கொள். முடியாதவர்கள் என்னிடம் வந்து சொல்லுங்கள், வளர்ந்துபோன பிள்ளைகள் விட்டுச்சென்றவை பெட்டியில் இருக்கின்றன. தோலில் வட்டமாகச் சிவந்து அரித்தால் மறைக்காமல் சொல்லிவிட்டு, ஆறும்வரை ஓரமாக உட்கார்ந்து பார்.

டிசம்பர் காலையில் விரல்களைச் சூடாக்காமல் பிடியில் இறங்காதே. உள்ளங்கையைத் தேய்த்து, முஷ்டியை மடக்கி விரித்து, மெதுவாகத் தொடங்கு.

16. பெல்ட்டைக் கேட்காதே. வெள்ளைக்குப் பிறகு நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு. பதினாறு வயதுக்குக் கீழே நீலமே கிடையாது. தரும்போது தருவேன்.

17. கடைசியாக, இந்தத் தாள் எப்படியும் கைமாறி மஞ்சக்குட்டைக்கோ குப்பனூருக்கோ, அதற்கு அப்பாலோ போகும் என்று எனக்குத் தெரியும். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜியு-ஜிட்சு சேர்ந்துவிட்டது, 2023இல் ஹாங்ஜோவில் இந்தியப் பிள்ளைகளும் இறங்கினார்கள். அதைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று பேர் சேர்ந்து வீட்டு முற்றத்தில் பாய் விரித்துப் பழகுவார்கள். பழகட்டும். காலரைப் பிடிப்பது, பாதம் வைப்பது, இடுப்பை நகர்த்துவது, பிடியை விட்டுப் பிடிப்பது, இவற்றைத் தாராளமாகப் பழகலாம். கழுத்தை நெரிப்பதையும் கையை முறுக்குவதையும் மட்டும் காணொளி பார்த்துத் தொடங்க வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்வரை அதைத் தள்ளி வையுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையேறி வாருங்கள். கட்டணம் இல்லை, நகம் வெட்டி, ஒரு துண்டும் மாற்றுத் துணியும் கொண்டுவந்தால் போதும்.